நேருக்கு நேர் பேசும் இருவரின் மூளையை அளக்க நிர்ஸ்போர்ட்2: எதற்குக் கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

எஃப்நிர்ஸ், அதாவது தலைக்குள் ஒளி செலுத்தி மூளையின் ரத்த ஓட்டத்தை அளக்கும் கருவி, வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எத்தனை சேனல்?" என்பதைத்தான். ஒளியை விடும் ஒளிமூலமும் அதைப் பிடிக்கும் டிடெக்டரும் சேர்ந்த ஜோடிதான் சேனல். இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, அவர்கள் இயல்பாகப் பேசும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம் என்றால், அந்தக் கேள்விக்கு மூன்றாம் இடம் போதும். முதலில் கேட்க வேண்டியது, தோலின் ரத்தத்தை மட்டும் தனியே அளக்கும் ஷார்ட் சேனல் சேர்ந்து வருகிறதா என்பது. அடுத்தது, தாடை அசையும்போது தொப்பி நகராமல் நிற்குமா என்பது. பெர்லினைச் சேர்ந்த நிர்எக்ஸ் நிறுவனத்தின் நிர்ஸ்போர்ட்2 கருவியை இந்த வரிசையில்தான் இங்கே எடைபோடுகிறோம். பொதுவான மூளை ஆய்வுக்கான மதிப்புரை அல்ல இது. உரையாடல் ஆய்வுக்கு மட்டும்.

ஏன் எஃப்நிர்ஸ் என்பதற்குச் சுருக்கமான பதில், மற்றவை பேச விடுவதில்லை. எஃப்எம்ஆர்ஐ என்ற காந்த ஸ்கேனரின் குழாய்க்குள் மல்லாந்து படுத்தபடி, காதைத் துளைக்கும் சத்தத்தில், தலையை அசைக்காமல் யாரும் இயல்பாகப் பேசுவதில்லை. 2002-ல் மான்டேக் குழு இரண்டு ஸ்கேனர்களை இணையம் வழியே இணைத்து இருவரை ஒரே நேரத்தில் அளந்து காட்டியது. 'ஹைப்பர்ஸ்கேனிங்' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. ஆனால் அந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தலைமேல் மின்முனை வைத்து மூளையின் மின்சாரத்தை அளக்கும் இஇஜி மில்லி நொடிக் கணக்கில் துல்லியமானது, சுமந்து திரியவும் வசதி. ஆனால் வாயைத் திறந்த மாத்திரத்தில் தாடை, நெற்றித் தசைகளின் மின்சாரம் 20 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். எஃப்நிர்ஸ் அளப்பது ஒளியை. தசையின் மின்சாரம் அதைத் தொடாது. தசையின் ரத்தம் தொடும். அந்த வம்பைப் பின்னால் பார்ப்போம்.

இந்தக் கருவியின் எல்இடிகள் 760, 850 நானோமீட்டர் என இரண்டு அலைநீளங்களில் ஒளியைத் தலைக்குள் செலுத்துகின்றன. முதலாவதை ஆக்ஸிஜன் இழந்த ஹீமோகுளோபின் அதிகம் உறிஞ்சும். இரண்டாவதை ஆக்ஸிஜன் ஏறியது அதிகம் உறிஞ்சும். ஒளிமூலத்திலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி வைத்த டிடெக்டர், மண்டையோட்டைத் தாண்டி மூளையின் மேற்புறத்தைத் தொட்டுத் திரும்பிய ஒளியைப் பிடிக்கிறது. ஆழம் ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர், அவ்வளவுதான். அமிக்டலா, இன்சுலா போன்ற ஆழத்திலுள்ள பகுதிகள் பற்றிக் கேள்வி வைத்திருப்பவர்கள் இந்த மதிப்புரையை இதோடு மூடிவிடலாம்.

இன்னொரு எல்லையும் உண்டு. ஆய்வுத் திட்டங்களில் அடிக்கடி கோட்டை விடும் இடம் இது. ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்க ஆகும் இடைவெளி, பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009 ஆய்வின்படி, சராசரியாக 200 மில்லி நொடியை ஒட்டியது. மூளையில் ரத்தம் ஏறி உச்சம் தொடவோ 5, 6 நொடி ஆகும். ஆகவே பேச்சு கைமாறும் அந்தக் கணத்தைப் பற்றி இந்தக் கருவியிடம் கேட்பது வீண். அரை நிமிடம், ஒரு நிமிடம் என நீளும் ஈடுபாடு, கவனம், ஒத்திசைவு (இருவர் சிக்னலும் சேர்ந்தே ஏறி இறங்குவது) போன்றவற்றைக் கேட்கலாம். 2012-ல் பெய்ஜிங்கில் ஜியாங் குழு 10 இணைகளை வைத்துச் செய்த ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. எதிரெதிரே உரையாடல், முதுகோடு முதுகாக உரையாடல், எதிரெதிரே ஒருவர் மட்டும் பேசுவது, முதுகோடு முதுகாக ஒருவர் மட்டும் பேசுவது என நான்கு நிலைகள். இடது கீழ் முன்மடலில் இருவருக்கும் இடையிலான ஒத்திசைவு முதல் நிலையில்தான் கூடியது. கேள்வியைக் கருவியின் வேகத்துக்கு ஏற்ப அமைத்ததால் விடை கிடைத்தது.

பெட்டியைப் பற்றி

கையடக்கமான பெட்டி, முதுகுப் பையில் போட்டுக்கொள்ளலாம். வயர்லெஸ்ஸாகவும் இயங்கும். 8 ஒளிமூலம், 8 டிடெக்டர் அமைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 10 மாதிரிகள் எடுக்கும். ஒளிமூலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிவதால் எண்ணிக்கை இரட்டித்தால் வேகம் பாதியாகும். 5 ஹெர்ட்ஸ் வரை பயமில்லை. அதற்குக் கீழே இறங்கும்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2.5 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 2.5 மாதிரிகளில், அதில் பாதியான 1.25 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பிக்கையாகத் தெரியும். நிமிடத்துக்கு 80 முறை துடிக்கும் இதயம் 1.33 ஹெர்ட்ஸ். அந்தத் துடிப்பு வேறொரு மெதுவான அலையாக வேடமிட்டு உள்ளே வரும். சேனல் ஆசையில் வேகத்தைப் பலி கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

இருவருக்கு இரண்டு பெட்டியா, அல்லது 16-க்கு 16 பெட்டி ஒன்றை இரண்டு தலைகளுக்குப் பாதி பாதியாகப் பிரிப்பதா? ஒரே பெட்டி என்றால் ஒரே கடிகாரம். நேரப் பொருத்தம் பற்றிய தலைவலி இல்லை, செலவும் குறைவு. ஆனால் இரண்டு தலைகளும் ஒரே பெட்டியோடு கேபிளால் கட்டப்பட்டிருக்கும். ஒருவர் பேச்சு சுவாரசியத்தில் முன்னால் சாய்ந்தால் இழுப்பு மேசைக்கு வரும், அங்கிருந்து மற்றவர் தொப்பிக்கும் போகும். உட்கார்ந்து பேசுவதோடு சரி என்றால் ஒற்றைப் பெட்டி போதும். எழுந்து நடமாடும் ஆய்வுக்கு இரண்டு பெட்டிகள் தவிர வழியில்லை.

8-க்கு 8 அமைப்பில் ஷார்ட் சேனல் கொத்து ஒரு டிடெக்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். மீதி 7 டிடெக்டர்களோடு ஒருவருக்கு ஏறத்தாழ 20 நீளச் சேனல்கள் கிடைக்கும். அதை நெற்றி முழுக்கப் பரப்புவது வசதி, முடி இல்லாத இடம் என்பதால் சிக்னலும் பளிச்சென்று வரும். கண்காட்சி டெமோக்களில் நெற்றியை மட்டும் காட்டுவதன் ரகசியமும் அதுதான். உரையாடலுக்கு அந்த 20-ஐ இடது கீழ் முன்மடலுக்கும் வலது பக்கம் காதுக்குப் பின்மேலுள்ள டெம்போரல்-பரைட்டல் சந்திப்புக்கும் பங்கிடுவதே பயன். பேச்சு ஒரு பக்கம், எதிராளி மனதில் என்ன இருக்கிறது என்ற ஊகம் இன்னொரு பக்கம். எந்த ஒளிமூல-டிடெக்டர் ஜோடி எந்த மூளைப் பகுதியைத் தொடும் என்று பார்க்க ஃபோல்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் வரைபடத்தை முடிவு செய்த பிறகே தொப்பியில் துளைகளை நிரப்புங்கள்.

முடி, எண்ணெய், தாடைப் பட்டை

தொப்பி போடுவதில்தான் பாதி ஆய்வு இருக்கிறது. தலைச் சுற்றளவை டேப்பால் அளந்து அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூக்கு மேட்டிலிருந்து பின்மண்டை மேடு வரையிலான தூரத்தில் பாதி, ஒரு காதிலிருந்து மறு காது வரையிலான தூரத்தில் பாதி, இரண்டும் சந்திக்கும் புள்ளி உச்சி. தொப்பியின் மையத் துளை அங்கே உட்கார வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தவறினால் இடது கீழ் முன்மடல் என்று நீங்கள் எழுதும் சேனல் பக்கத்துப் பகுதியை அளந்துகொண்டிருக்கும்.

ஒவ்வொரு துளையிலும் மரக்குச்சியாலோ பருத்தி முனைக் குச்சியாலோ முடியை வகிர்ந்து, தோல் வெள்ளையாகத் தெரிந்த பிறகுதான் ஆப்டோடை (ஒளிமூலம் அல்லது டிடெக்டரின் முனை) இறக்க வேண்டும். ஸ்பிரிங் வைத்த பிடிப்பான்கள் ஆப்டோடைத் தோலோடு அழுத்தும். ஆனால் இடையில் சிக்கிய முடியை அவை விலக்காது, அதன் மேலேயே அழுத்தும். கறுப்பு முடியின் மெலனின் ஒளியை அப்படியே விழுங்கிவிடும். அடர்ந்த கறுப்புக் கூந்தல் உள்ள நம்மூர்ப் பங்கேற்பாளர்களுக்கு, ஐரோப்பியக் கையேடுகள் சொல்லும் ஆயத்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கை ஒதுக்குவது புத்திசாலித்தனம். தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் முடி கற்றையாக ஒட்டிக்கொண்டு வகிடு மூடிக்கொண்டே இருக்கும். முந்தின நாள் குளித்து எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லிவிடுங்கள். கொண்டையும் உயரமான சடையும் தொப்பியின் பின்பக்கத்தைத் தூக்கிவிடும். தாழ்வாகத் தளர்த்திப் பின்னச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் பொட்டு, மை, விபூதி எல்லாம் நெற்றி நடுவிலுள்ள ஆப்டோடின் பாதையில் நிற்பவை. எடுக்கச் சொல்லும்போது காரணத்தையும் சொல்லிவிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

அடுத்து தாடைப் பட்டை. இஇஜி உலகிலிருந்து வந்த தொப்பி என்பதால் மோவாய்க்குக் கீழே பட்டை கட்டுவது வழக்கமாகிவிட்டது. பேசாத ஆய்வுக்கு அது சரி. பேசும்போது ஒவ்வொரு 'ஆ'வுக்கும் மோவாய் கீழே இறங்கும், பட்டை இழுபடும், காதோரத்துத் துணி இழுபடும், நெற்றிப்பொட்டு ஆப்டோடு ஒரு மில்லிமீட்டர் நகரும். திரையில் பார்த்தால் சிக்னல் சின்னச் சின்னப் படிக்கட்டுகளாக ஏறி இறங்குவது தெரியும். வாய்விட்டுச் சிரித்தால் ஒரு பெரிய படி. இது மூளை அல்ல, பட்டை. மோவாய்ப் பட்டையைக் கழற்றிவிட்டு, மார்பைச் சுற்றிய பெல்ட்டிலிருந்து இருபுறமும் தொப்பியை இழுத்துக் கட்டும் முறைக்கு மாறுங்கள். தொப்பி விற்பவர்களிடமே அந்தப் பெல்ட் கிடைக்கும். கேபிள்களைத் தோளில் ஒரு இடத்தில் டேப்பால் ஒட்டிவிட்டால் அவற்றின் எடையும் தலையை இழுக்காது.

பட்டையைச் சரிசெய்தாலும் டெம்போராலிஸ் தசை மிச்சம் இருக்கிறது. மெல்லும்போது நெற்றிப்பொட்டில் துள்ளுமே, அந்தத் தசை. பேசும்போதும் இது சுருங்கும், அதற்குள் ரத்த ஓட்டம் மாறும். அதன் மேல் விழும் சேனல்கள் மூளையையும் தசையையும் கலந்தே காட்டும். இதற்கு எளிய சோதனை: பதிவின் தொடக்கத்தில் ஒரு நிமிடம், பேச்சில்லாமல் தாடையை மட்டும் பேசுவதுபோல் அசைக்கச் சொல்லுங்கள். அப்போது துள்ளும் சேனல்களை அந்தப் பங்கேற்பாளருக்கு நம்ப வேண்டாம்.

ஷார்ட் சேனலில் கஞ்சத்தனம் கூடாது

ஷார்ட் சேனல் என்பது ஒளிமூலத்திலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி வைக்கும் டிடெக்டர். அந்தத் தூரத்தில் ஒளி தோலைத் தாண்டி மூளை வரை போவதில்லை; தோலின் ரத்தத்தை மட்டும் காட்டும். நீளச் சேனலிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது மூளைக்கு நெருக்கமானது. பட்ஜெட் இறுகும்போது முதலில் வெட்டப்படும் வரி இதுதான். உரையாடல் ஆய்வில் அதை வெட்டினால் மற்ற எல்லாவற்றையும் வாங்கியதே தண்டம்.

காரணம் நேரடியானது. இருவரும் ஒரே நகைச்சுவைக்குச் சிரிக்கிறார்கள். இருவர் நெற்றியிலும் ரத்தம் ஏறுகிறது. இருவரும் மாறி மாறி மூச்சு விட்டுப் பேசுகிறார்கள். இருவர் ரத்த அழுத்தமும் அந்தத் தாளத்துக்கு ஆடுகிறது. ஷார்ட் சேனல் இல்லாமல் இதை அளந்தால் அழகான ஒத்திசைவு கிடைக்கும்; அதற்கு 'மூளைகளின் ஒத்திசைவு' என்று தலைப்பும் வைத்துவிடலாம். அளந்தது வெட்கமும் சிரிப்பும் ஏறிய தோலை.

ஷார்ட் சேனலும் காப்பாற்றாத ஒன்று உண்டு: கார்பன் டை ஆக்ஸைடு. பேசும்போது மூச்சின் தாளம் மாறி, ரத்தத்தில் அதன் அளவு குறையும். அது குறைந்தால் மூளையின் நாளங்களே சுருங்கும். சூரிச்சில் ஷோல்க்மன் குழு செய்த ஆய்வுகளில், உரக்கச் சொல்லும்போது நெற்றிப் பகுதியில் ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் கூடுவதற்குப் பதில் குறைந்ததே, அது இப்படித்தான். இது தோலின் மாற்றம் அல்ல, மூளைக்குள்ளேயே நடப்பது. ஆனால் சிந்தனையால் நடப்பதல்ல. மூக்கில் மெல்லிய குழாய் வைத்து வெளிமூச்சின் கார்பன் டை ஆக்ஸைடை அளக்கும் கேப்னோகிராஃப் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மார்பில் ஒரு மூச்சுப் பட்டையாவது கட்டிப் பதிவு செய்யுங்கள். கேட்பவர் பேசுபவர் என்று பிரித்து ஒப்பிடும் எந்த ஆய்வும் இந்தத் தடையைத் தாண்டியே ஆக வேண்டும்.

மென்பொருளும் நேரப் பொருத்தமும்

பதிவு செய்யும் மென்பொருள் அரோரா. அளவீட்டுக்கு முன் ஒவ்வொரு ஒளிமூலத்தின் பிரகாசத்தையும் தானே கூட்டிக் குறைத்துப் பார்த்து, சேனல்களின் தரத்தை வண்ணத்தில் காட்டும். உபயோகமான வசதி, ஆனால் பச்சையைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். அறை வெளிச்சம் கசிந்தாலும் டிடெக்டருக்கு ஒளி கிடைக்கத்தான் செய்யும். நம்பத்தகுந்த சாட்சி இதயத் துடிப்பு. 850 நானோமீட்டர் வரிசையைப் பெரிதாக்கிப் பாருங்கள். நொடிக்கு ஒன்றுக்குச் சற்று மேலாகச் சீரான சிற்றலை தெரிந்தால் ஆப்டோடு தோலைத் தொட்டிருக்கிறது. தெரியாவிட்டால் எந்த வண்ணம் காட்டினாலும் முடியை மறுபடி வகிர வேண்டியதுதான். பின்னர் கணக்கில் இதையே ஸ்கால்ப் கப்ளிங் இண்டெக்ஸ் என்ற எண்ணாக எடுக்கலாம், 0.8-க்குக் கீழே உள்ள சேனலைக் கழிப்பது வழக்கம்.

இரண்டு பெட்டி என்றால் லேப் ஸ்ட்ரீமிங் லேயர் என்ற மென்பொருள் வழியாக இரண்டின் தரவையும் ஒரே நேரக் கோட்டில் ஏற்றலாம். அரோரா அதை நேரடியாகவே ஆதரிக்கிறது. இரண்டு கடிகாரங்களுக்கு இடையே மில்லியனுக்கு 20 என்ற சறுக்கல் இருந்தால் ஒரு மணி நேரத்தில் 72 மில்லி நொடி. ரத்த ஓட்டத்துக்கு அது பொருட்டே இல்லை. கவலைப்பட வேண்டியது வைஃபையில் விட்டுப்போகும் தரவுப் பொட்டலங்களால் வரும் திடீர் தாவல்கள் பற்றி. ஆய்வுக்கென்று தனி ரவுட்டர் வைத்து, கட்டடத்தின் பொது வைஃபையைத் தவிர்த்தால் பெரும்பாலும் தீரும். வீடியோவுக்கும் ஒலிக்கும் பழைய சினிமா முறையே போதும்: தொடக்கத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு, இரண்டு நேரத்திலும் பதிவில் ஒரு மார்க்கர், அதாவது நேரக் குறி. முடிவுத் தட்டை மறந்தால் சறுக்கலை அளக்க வழியில்லை. ஒருவருக்கு ஒரு காலர் மைக் வையுங்கள். யார் எப்போது பேசினார் என்பதை ஒற்றை மைக்கிலிருந்து பிரிப்பது பெரும்பாடு.

அறையில் ஜன்னலை மூடி, ஹாலஜன் விளக்கை அணைத்து, தொப்பி மேல் கறுப்பு மூடியைப் போடுவது தெரிந்ததுதான். தெரியாமல் மாட்டிக்கொள்வது அகச்சிவப்புக் கேமராவில். கண்ணசைவு பதியும் கண்ணாடிகளும் இருட்டில் பார்க்கும் கண்காணிப்புக் கேமராக்களும் பெரும்பாலும் 850 நானோமீட்டரை ஒட்டிய ஒளியையே வீசுகின்றன. கருவி தேடும் அதே ஒளி. கண்ணாடியை அணியவைத்து, கழற்றவைத்து, நெற்றிச் சேனல்களின் இரைச்சல் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆய்வில் சேர்க்க வேண்டும்.

நாற்காலிகளுக்கு இடையே 1 முதல் 1.5 மீட்டர், முகம் தெரியும்படி சற்றே கோணலாக. முதலில் சில நிமிடம் பேசாமல் ஓய்வு, பிறகு ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது 10 நிமிடம். 0.02 ஹெர்ட்ஸ் அலையில் ஒத்திசைவு தேடினால் 10 நிமிடத்தில் 12 சுற்றுகளே கிடைக்கும். ஐந்து நிமிடத்தில் ஆறு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பேச்சுக்கு 30 நொடி, ஓய்வுக்கு 30 நொடி என்று கட்டம் கட்டாதீர்கள். அந்தக் கால ஒழுங்கே இருவர் சிக்னலிலும் பதிந்து போலி ஒத்திசைவாக எழும்.

தரவு எஸ்நிர்ஃப் என்ற பொதுவான கோப்பு வடிவில் வெளிவருவதால் ஹோமர்3, எம்என்இ-நிர்ஸ் என்ற இலவசக் கருவிகளில் நேராகத் திறக்கும். நிறுவனத்தின் மென்பொருளிலேயே அடைபட வேண்டியதில்லை. இதை ஒரு பெரிய நன்மையாகவே கருதுகிறோம். ஒத்திசைவுக்கு வேவ்லெட் கோஹெரன்ஸ் (இரண்டு சிக்னல்கள் எந்த அதிர்வெண்ணில், எப்போது ஒத்துப்போகின்றன என்று காட்டும் கணக்கு) கணக்கிடும்போது, 0.1 ஹெர்ட்ஸை ஒட்டிய மேயர் அலை என்ற ரத்த அழுத்த ஏற்ற இறக்கத்தையும் 0.2 முதல் 0.3 வரையிலான மூச்சு அலையையும் தவிர்த்து அதிர்வெண் வரம்பைத் தேர்ந்தெடுங்கள். கிடைத்த எண்ணை, சேர்ந்து பேசாதவர்களைக் கணினியில் இணைத்த போலி ஜோடிகளோடு ஒப்பிடுவது கட்டாயம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் அ, மற்றவர் ஆ என்று வைத்தால், 20 ஜோடிகளிலிருந்து 380 போலி ஜோடிகள் கிடைக்கும். உண்மை ஜோடி அவற்றைத் தாண்டாவிட்டால், எல்லோரும் ஒரே அறையில் ஒரே வேலையைச் செய்தார்கள் என்பதற்கு மேல் எதுவும் நிரூபணமாகவில்லை. தலையசைப்பு இன்னும் நுட்பமான எதிரி: கேட்பவர் தலையாட்டுவது பேச்சோடு ஒத்தே வரும், ஆகவே போலி ஜோடிச் சோதனையையும் ஏமாற்றிவிடும். தொப்பியில் முடுக்கமானி வைத்து, அசைவைத் தனி மாறியாகக் கணக்கில் சேர்ப்பதே வழி.

தீர்ப்பு: உட்கார்ந்து பேசும் இருவர், முன்மடலும் காதுக்குப் பின்பகுதியும், நிமிடக் கணக்கில் மாறும் கேள்வி என்றால் நிர்ஸ்போர்ட்2 தயங்காமல் வாங்கத்தக்கது. முழுத் தலையும் வேண்டும், வேகமும் வேண்டும் என்பவர்களுக்குச் செலவு பல மடங்காகும். பேச்சு கைமாறும் கணம்தான் ஆய்வு என்றால் தசை இரைச்சலோடு மல்லுக்கட்டியாவது இஇஜிக்குப் போங்கள். 

டெமோ கேட்கும்போது விற்பனையாளர் தன் நெற்றியில் மாட்டிக் காட்டுவதை ஏற்காதீர்கள். அடர்ந்த நீளக் கூந்தல் உள்ள ஒருவரை உட்காரவைத்து, காதுக்குப் பின் சேனல்களைப் போடச் சொல்லி, பத்து நிமிடம் சிரித்துப் பேசவிடுங்கள். பதிவான எஸ்நிர்ஃப் கோப்பைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு, எத்தனை சேனலில் இதயத் துடிப்பு தெரிகிறது என்று உங்கள் கணினியில் எண்ணிப் பார்த்த பிறகு விலை பேசலாம். விலைக்கோரிக்கையில் ஷார்ட் சேனல், மார்புப் பெல்ட், கறுப்பு மூடி, முடுக்கமானி, மூன்று அளவுத் தொப்பிகள் ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாக எழுதச் சொல்லுங்கள். 'முழுத் தொகுப்பு' என்ற ஒற்றை வரியில் இவற்றில் எது விட்டுப்போயிருக்கிறது என்று பெட்டியைப் பிரிக்கும்போதுதான் தெரியும்.